எண்களின் இயல்பறிந்த சிவசங்கரநாராயண பிள்ளை

பொன்முடி மலையின் அடிவாரத்தில் கல்லாறு பாய்கிறது. அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலில், குற்றாலத்தை அடுத்து வல்லம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தவர் கணித மேதை சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

குழந்தைப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். பள்ளிக் கல்வி நிறைவுறும் முன்னரே தந்தையும் மறைந்தார். கல்வி தடைப்படும் நிலை ஏற்பட்டது. மாணவரின் அறிவாற்றலை உணர்ந்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி செய்து அவரைப் படிக்கவைத்தார். பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று பிள்ளை பட்டம் பெற்றார். 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அவருடைய சிறந்த ஆய்வுகள் பல அங்கேயே உருவாயின.

அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் மிகப் பெரிய பகு எண் கிடைக்கும். அவ்வெண், ஒரே முழு எண்ணைத் தன்னாலேயே பலமுறை பெருக்கிப் பெறும் எண்ணாக அமையுமா? இவ்வினாவை ஆராய்ந்த பிள்ளை அரியதோர் உண்மையைக் கண்டார். அடுத்தடுத்த எண்கள் பதினாறோ அதற்குக் குறைவாகவோ இருப்பின், அவற்றுள் ஓர் எண்ணேனும் ஏனைய எண்கள் எதனோடும் 1 தவிர வேறு பொதுக் காரணி கொள்ளாது. 24, 25, 26, 27 ஆகியவற்றுள் 25 அத்தகையது.

எண்கள் பதினேழானால் இவ்வுண்மை எப்போதும் பொருந்துவதில்லை. 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களை நோக்குக. 2197 என்பது 13ஐ மும்முறை பெருக்கிப் பெறுவது. 2184உம் 13ஆல் வகுபடும். 2189உம் 2200உம் 11ஆல் வகுபடும். இவ்வாறே அப்பதினேழனுள் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு பொதுக் காரணி கொண்டுள்ளது. அவற்றின் பெருக்கற்பலன் 57 இலக்கங்கள் கொண்ட பேரெண்ணாகும். பிள்ளை ஆராய்ந்த வினாவிற்கு 1975இல் ஏர்டோசு, செல்பிரிட்ஜ் ஆகியோர் முழு விடை கண்டனர். அத்தகைய பெருக்கற்பலன் ஒருபோதும் அவ்வாறு அமையாது என்பதே அவ்விடை.

எட்வர்டு வாரிங் 1770இல் எழுப்பிய வினாவிலும் பிள்ளை புகழ்மிக்க முடிவுகளைக் கண்டார். எந்த இயல் எண்ணையும் எழுபத்து மூன்றுக்கு மிகாத ஆறாம் அடுக்கு எண்களின் கூடுதலாக எழுதலாம் என 1940இல் நிறுவினார். 703 என்னும் எண்ணுக்கு எழுபத்து மூன்றும் தேவை. மூன்றின் ஆறாம் அடுக்கு 729 ஆதலால், 64, 1 ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்த இயலும். பத்து முறை 64உம் அறுபத்து மூன்று முறை 1உம் சேர்ந்தால் 703 கிடைக்கும்.

1941இல் திருவனந்தபுரத்திலும் அடுத்த ஆண்டு முதல் கல்கத்தாவிலும் பல்கலைக்கழகப் பணியாற்றினார். பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அவரை ஓராண்டுக் காலத்திற்கு அழைத்தது. ஹார்வர்டில் நடைபெற்ற உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்க அவர் புறப்பட்டார். 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோ அருகே விமானம் விபத்துக்குள்ளாகி, அதில் சென்ற அனைவரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது வயது 49.

அவருடைய ஆய்வுகள் தொகுக்கப்பெற்று 2010இல் நூலாக வெளிவந்தன. தக்க காலத்தில் ஓர் ஆசிரியர் நீட்டிய கை, கணித உலகிற்கு ஒரு மேதையைத் தந்தது.

சொற்பொருள்
சாரல் – மலைப்பக்கம்
ஏனைய – மற்ற
நிறுவினார் – மெய்ப்பித்தார்
மாண்டனர் – இறந்தனர்

பயிற்சி
1. பிள்ளையின் கல்வி தடைப்படாமல் காத்தவர் யார்?
2. 703ஐ ஆறாம் அடுக்கு எண்களின் கூடுதலாக எழுத எழுபத்து மூன்று எண்கள் தேவைப்படுவது ஏன்?
3. 14, 15, 16 ஆகியவற்றுள் மற்ற இரண்டோடும் பொதுக் காரணி கொள்ளாத எண் எது? காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: அறிவாற்றல், பேரெண், இவ்வினா.