தமிழுக்கு எண் தேடிய தமிழாசிரியர்



இன்று நம்ம வீடுகளில் எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்த அப்பா, சாப்பிட்டாயா என்று தமிழிலேயே எழுதி அனுப்புகிறார். பினாங்குப் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகள், பஸ்ஸில் உட்கார்ந்தபடி அதைப் படிக்கிறாள். இது தானாக வந்த வசதி இல்லை. இதற்காகப் பலர் பாடுபட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்களைப் போன்ற ஒரு தமிழ் வாத்தியார். அவர்தான் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி.

அவர் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி பிறந்தார். சிங்கப்பூரில் ஆசிரியராகப் பணியாற்றினார். நல்ல சிறுகதைகள் எழுதினார். 1977இல் இலக்கியக் களம் என்ற அமைப்பைத் தொடங்கி, எழுதுகிறவர்களைக் கூட்டிவைத்துக் கதைகளைப் பற்றிப் பேச வைத்தார். பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானார். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்குக் கிடைத்தது. ஒரு மனிதருக்கு இவ்வளவு பெருமையே போதும். ஆனால் அவர் இதோடு நின்றுவிடவில்லை. கணினி வந்த பிறகு, தமிழ் அதற்குள் எப்படி நுழையப் போகிறது என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

மாணவர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். ஆங்கிலத்தின் ‘ஏ’ என்ற பெரிய எழுத்துக்கு 65 என்று ஓர் எண் உண்டு. உலகத்தில் பெரும்பாலும் எல்லாக் கணினிகளும் 65 வந்தால் அந்த எழுத்தைத்தான் காட்டும். அந்தக் காலத்து எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள்தான். ஆங்கிலத்துக்கும் பிற குறிகளுக்கும் பாதியை விட்டால், மீதி 128. நமக்கோ 247 எழுத்துகள். எப்படி இடம் பற்றும்? அதனால் எழுத்தைப் பிரித்தார்கள். ‘கொ’ என்றால் கொம்பு, ‘க’, கால் என்று மூன்று துண்டு. வாயால் சொல்லும்போது ‘க்’ முன்னே வருகிறது. எழுதும்போதோ கொம்பு முன்னே வருகிறது. இந்த வரிசையை ஒன்றுவிடாமல் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் நிரல் எழுதுபவரின் வேலை. ஒரு படி தவறினாலும் எழுத்து குழம்பிவிடும்.

இந்த வேலையில் பல ஊர்த் தமிழர்கள் இறங்கினார்கள். நம் மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு வந்தது. கோவிந்தசாமி கணியன் என்ற மென்பொருளை உருவாக்கினார். எல்லாம் நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஒருவர் ‘அ’வுக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவர் வேறு எழுத்துக்குக் கொடுத்துவிட்டார். பினாங்கிலே அழகாக அடித்த கடிதம், வேறு எழுத்துரு வைத்திருந்தவர் கணினியிலே வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. தமிழனுக்குத் தமிழன் எழுதிய கடிதமே படிக்க முடியாமல் போனது. சிலர் அலுத்துப்போய், ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதத் தொடங்கினார்கள்.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. அதிபர் ஓங் தெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். அதிலே தமிழும் சரிசமமாக நின்றது என்றால், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக நிபுணர்களோடு சேர்ந்து கோவிந்தசாமி உழைத்ததே காரணம். இணையத்தில் தமிழ் ஏறிய முதல் பக்கங்களில் அதுவும் ஒன்று.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தான் செய்ததே சிறந்தது என்று அவரும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்ட முன்னின்றார். போட்டியாக மென்பொருள் செய்தவர்களும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது. அங்கே பொதுவான விசைப்பலகைக்கும் எழுத்து எண்களுக்கும் வழி பிறந்தது.

அதன் பலனை முழுதாகப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1999 மே 26ஆம் தேதி, 53 வயதில் காலமானார். அடுத்த மாதமே, ஜூனில், தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் 2001இல் நம் கோலாலம்பூரிலும் மாநாடுகள் தொடர்ந்தன. இன்று யூனிகோட் முறையில் உலகம் முழுவதும் ‘அ’வுக்கு ஒரே எண், அது 2949. அந்தக் காலத்து எழுத்துருக்கள் பல இன்று வழக்கத்தில் இல்லை. மென்பொருள் பழசாகிப் போகும். ஆனால், கூடி உட்கார்ந்து ஒன்றை ஒப்புக்கொள்ளும் பழக்கம் பழசாகாது.

மாணவர்களே! நிரல் எழுதுவது பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர்தான் இதற்குத் துணிந்தார். நீங்கள் நிரல் எழுதினால் மூன்றை மறக்க வேண்டாம். படிப்படியாக யோசியுங்கள். பிழை வந்தால் சோர்ந்து போகாமல் தேடிப் பிடியுங்கள். அடுத்தவருக்கும் புரிகிற மாதிரி, பயன்படுகிற மாதிரி எழுதுங்கள்.

பெற்றோர்களே! பாயான் லெப்பாஸில் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலைகள் 1972இலிருந்தே இருக்கின்றன. நம் பிள்ளைகளின் கை அந்தச் சில்லைத் தொட்டிருக்கிறது. இனி அவர்களுடைய அறிவும் அதற்குள் போக வேண்டும். பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்தால் விளையாட்டுத்தானே என்று உடனே ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். அந்தத் தேருக்கு முதல் வடம் பிடித்தவர்களில் ஒருவர் ஒரு தமிழாசிரியர் என்பதை நினைக்கும்போது, இந்தச் சின்னத் தோட்டப் பள்ளியில் நிற்கிற எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது.