தம் கருவியையே ஐயுற்ற ரூதர்போர்டு

விஞ்ஞானி என்றதும், புதியன கண்டவர் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் எர்னஸ்ட் ரூதர்போர்டின் வாழ்க்கையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. கண்டது உண்மையா, கருவியில் படிந்த மாசா என்று அவர் முதலில் கேட்டார்.

நியூசிலாந்தில் நெல்சன் நகருக்கு அருகே 1871 ஆகஸ்டு 30 அன்று, பன்னிரண்டு பிள்ளைகளுள் நான்காவதாகப் பிறந்தார். உதவித்தொகை பெற்று 1895-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1898-ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பேராசிரியரானார்.

அங்கே தோரியத்தை ஆராய்ந்தபோது ஒரு தொல்லை எழுந்தது. தோரியத்தை அகற்றிய பின்னும் பாத்திரம் கதிர் வீசியது. பிறர் கழுவிக் கவிழ்த்திருப்பர். அவரோ அந்த மாசையே அளந்தார். ஏறத்தாழ 11 மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாயிற்று. தோரியம் விடும் வாயுவே அதை விட்டுச் சென்றது என்று கண்டார். 1908-ல் வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பின்னர் மான்செஸ்டரில் அவருடைய மாணாக்கர்கள் இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்பைடுத் திரையில் ஆல்பாத் துகள்கள் எழுப்பிய ஒளிப்பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணினர். 1911-ல் அணுக்கரு புலப்பட்டது. நைட்ரஜனில் நெடுந்தூரம் பாயும் துகள்களைக் கண்டபோதும், ஹைட்ரஜன் மாசோ என ஐயுற்று, காற்றை உலர்த்தினார். ஆக்சிஜனை நிரப்பிப் பார்த்தார். அதன் பின்னரே, நைட்ரஜன் அணு சிதைந்தது என 1919-ல் அறிவித்தார். 1937 அக்டோபர் 19 அன்று மறைந்தார்.

இன்று திரைக்குப் பதில் படிகங்கள் ஒளிர்கின்றன. ஆனால் படிகத்துக்குள்ளேயே பகை ஒளிந்திருக்கும். சோடியம் அயோடைடில் சோடியத்தின் உறவான பொட்டாசியம்-40 புகுந்துவிடும். லாந்தனம் புரோமைடிலோ லாந்தனம்-138 இயற்கையாகவே உண்டு. இவற்றைப் பிடிக்க, படிகத்தை ஈயக் கூண்டில் வைத்து, கதிர்மூலம் ஏதுமின்றிப் பல நாள் எண்ணுகிறார்கள். பிஸ்மத்-214-ன் பொறியை அடுத்து உடனே பொலோனியம்-214-ன் பொறி தோன்றும். அந்த இடைவெளிகளைத் தொகுத்தால் 164 மைக்ரோ வினாடி அரை ஆயுள் கிடைக்கும். ரேடியக் குடும்பம் அகப்பட்டுவிடும். மாண்ட்ரீலில் பாத்திரத்தைக் காட்டிக்கொடுத்ததும் அரை ஆயுள்தானே!

புத்தக விடைக்கு ஏற்ப அளவீட்டை வளைக்கும் ஆசை சோதனைச் சாலையில் யாருக்கும் எழக்கூடும். நண்பர்களே, கதிர்மூலத்தை வைக்குமுன் வெறுங்கருவியை எண்ணுங்கள். அந்த எண்ணையும் ஏட்டில் எழுதுங்கள். ரூதர்போர்டுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே என்பேன்.