பனியை உடைத்த எஞ்சினியர்

போன மாசம் எங்கள் டீமுக்கு ஒரு புது வேலை வந்தது. ஊழியர்கள் எத்தனை நிமிஷம் கீபோர்டைத் தொட்டார்கள், எத்தனை நிமிஷம் ஸ்க்ரீன் சும்மா கிடந்தது என்று கணக்கெடுத்து, ஆளுக்கு ஒரு மார்க் போடும் சாஃப்ட்வேர். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு சுத்தமாக வந்தது. டாஷ்போர்டு அழகாக இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. யாருடைய பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வரும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நண்பர் ஒருவர் ஒரு பழைய நாவலைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் 'வீ', அதாவது 'நாம்'. எழுதியவர் யெவ்கேனி சம்யாத்தின் என்ற ரஷ்யர். ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நம்மில் பலருக்குத் தெரியும். அது 1949-ல் வந்தது. 'நாம்' அதற்கு ஏறக்குறைய 28 வருஷம் முன்பே எழுதப்பட்டது. ஆர்வெல் அதைப் படித்து 1946-ல் விமர்சனமும் எழுதியிருக்கிறார்.

யார் இந்த மனுஷன் என்று தேடினால், ஆச்சரியம். அவரும் எஞ்சினியர். அதுமட்டுமில்லை, நான் இப்போது குடியிருக்கும் இதே நியூகாசிலில், ஜெஸ்மண்ட் பகுதியில் தங்கி வேலை பார்த்தவர்!

சம்யாத்தின் 1884-ல் லெபெதியான் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா பாதிரியார், அம்மா பியானோ வாசிப்பவர். பீட்டர்ஸ்பர்க் பாலிடெக்னிக்கில் கப்பல் கட்டும் படிப்பு. மாணவராக இருந்தபோதே போல்ஷெவிக் கட்சியில் சேர்ந்து, 1905 புரட்சியில் கைதாகி, மாசக்கணக்கில் தனிச் சிறையில் கிடந்தார்.

1916-ல் ரஷ்ய அரசு அவரை இங்கே அனுப்பியது. உறைந்த கடலில் பனியை உடைத்து வழி போடும் கப்பல்கள் இங்கே கட்டப்பட்டன. அதை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு அவருக்கு. நம்ம பாஷையில் சொன்னால் ஆன்சைட். ஒன்றரை வருஷம் இருந்து, 1917-ல் புரட்சி நடந்துகொண்டிருந்த ஊருக்கே திரும்பிப் போனார். அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய 'செயின்ட் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' கப்பலுக்குப் பிறகு 'லெனின்' என்று பெயர் மாற்றினார்கள்.

கப்பலை ஏற்றுக்கொண்ட அரசு, கட்டியவரை ஏற்கவில்லை. எந்தக் கனவுக்காக ஜாருடைய சிறைக்குப் போனாரோ, அந்தக் கனவே ஆட்சிக்கு வந்து மனுஷனை எண்ணாக மாற்றுவதைப் பார்த்தார். 1920-21-ல் 'நாம்' எழுதினார். அந்த நாவலில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். வீடெல்லாம் கண்ணாடி. எப்போது எழுவது, ஒரு கவளத்தை எத்தனை தடவை மெல்லுவது, எல்லாவற்றுக்கும் அட்டவணை. ஸ்டாப்வாட்ச் வைத்துத் தொழிலாளியின் கை அசைவை அளந்த அமெரிக்க எஞ்சினியர் டெய்லரை அந்த நாட்டு மக்கள் மாபெரும் ஞானியாகக் கொண்டாடுகிறார்கள்.

கதை சொல்பவன் டி-503. விண்கலம் கட்டும் எஞ்சினியர். கெட்டவன் இல்லை. வேலையை நேசிக்கிறவன். கணக்கு சரியாக வந்தால் சந்தோஷப்படுகிறவன். அந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் கற்பனையை அகற்றும் ஆபரேஷன் அவனுக்கு நடக்கிறது. அதற்கப்புறம், தான் காதலித்த பெண்ணைச் சித்திரவதை செய்வதை எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார்ந்து பார்க்கிறான்.

சோவியத் ஒன்றியத்தில் நாவலை வெளியிட விடவில்லை. 1922-ல் மறுபடி கைது. ஜார் காலத்தில் அடைத்த அதே சிறையில், அதே வரிசை அறைகள். 1924-ல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1927-ல் ப்ராகிலிருந்த ஒரு ரஷ்யப் பத்திரிகை சில பகுதிகளை வெளியிட்டது. அதை வைத்து 1929-ல் அவரைக் குறிவைத்துப் பெரிய பிரசாரமே நடந்தது. எழுத்தாளர் சங்கத்திலிருந்து அவரே விலகினார். அவருடைய எழுத்து எங்கேயும் வராமல் போனது.

1931-ல் நேராக ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். மன்னிப்புக் கேட்கவில்லை. எழுத முடியாமல் இருப்பது தனக்கு மரண தண்டனை மாதிரி, வெளிநாடு போக விடுங்கள் என்றுதான் கேட்டார். கோர்க்கி பேசி உதவினார், அனுமதி கிடைத்தது. பாரிசில் வறுமையோடு வாழ்ந்தார். சோவியத் பாஸ்போர்ட்டை மட்டும் கடைசி வரை விடவில்லை. என்றைக்காவது ஊர் திரும்பலாம் என்ற நினைப்பு. அந்த நினைப்பு என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1937 மார்ச்சில், 53 வயதில் காலமானார். 'நாம்' அவருடைய நாட்டில் அச்சாக 1988 வரை ஆனது.

நான் சம்யாத்தின் இல்லை. என் விசா கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை போனால் விசாவும் போகும். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. ஆனாலும் போன வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் இரண்டு விஷயம் கேட்டேன். மார்க் வாங்குகிறவர் தன் மார்க்கைப் பார்க்க முடியுமா? போன் பேசிக்கொண்டோ, பேப்பரில் எழுதி யோசித்துக்கொண்டோ இருக்கிற நேரத்தை ஏன் சும்மா இருந்ததாகக் கணக்கில் எடுக்கிறோம்? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மேனேஜர் குறித்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை போய் மறுபடியும் கேட்க வேண்டும்.