ராபர்ட் ஷூமன்

கைத்திறன் குன்றிய இடத்தும் கலைத்திறன் குன்றாது நின்று பயன் விளைக்கும் என்பதற்கு ஜெர்மானிய சங்கீத வித்துவான் ராபர்ட் ஷூமனுடைய வாழ்க்கை தக்கதோர் சான்றாகும்.

இவர் சாக்ஸனி நாட்டு ஸ்விக்கௌ நகரில் 1810-ஆம் வருஷம் ஜூன் 8-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் புத்தக வியாபாரி. ஆதலின் இலக்கியமும் இசையும் இவருள்ளத்தில் இளமையிலேயே ஒருங்கு வளர்ந்தன. தந்தையார் 1826-இல் காலஞ்சென்றபின், அன்னையாரின் விருப்பப்படி லைப்ஸிக் சர்வகலாசாலையிற் சட்டம் பயிலச் சென்றார். ஆயினும் அதில் மனம் பற்றவில்லை. 1830-இல் அன்னையாரின் இசைவு பெற்று, பிரீட்ரிக் வீக் என்னும் பியானோ ஆசிரியரிடம் மாணாக்கராய் அமர்ந்தார்.

அந்தோ! இரண்டொரு வருஷங்களுக்குள் வலக்கை விரல் பழுதுற்றது. அதன் காரணம் பலவாறு கூறப்படுகிறது. காரணம் எதுவாயினும், மேடையேறிப் புகழ்பெறும் நம்பிக்கை அத்துடன் அற்றது. ஷூமன் சோர்ந்தொழிந்தாரல்லர். இசை இயற்றுவதிலே முழுக்கருத்தையுஞ் செலுத்தினார். 1834-இல் நண்பருடன் கூடி ஒரு சங்கீதப் பத்திரிகையும் தொடங்கினார்.

வீக்கின் புதல்வி கிளாரா, சிறுபிராயத்திலேயே பியானோ வாசிப்பிற் பெரும்புகழ் பெற்றவர். இருவரும் அன்புற்றனர், தந்தையோ கடுமையாய் எதிர்த்தார். வழக்கு நியாயஸ்தலம் வரை சென்றது. 1840-ஆம் வருஷம் செப்டம்பர் 12-ஆம் தேதி, கிளாராவுக்கு இருபத்தொரு வயது நிரம்புதற்கு முந்திய நாள், திருமணம் நிறைவேறியது.

மறுவருஷம் ஷூமன் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக ஒரு கற்பனைப் பகுதி இயற்றினார். 1841 ஆகஸ்டு 13-ஆம் தேதி லைப்ஸிக் மண்டபத்து ஒத்திகையில் கிளாரா அம்மையார் அதை வாசித்தார். முதற்குழந்தை பிறந்தது அதற்கு மூன்று வாரங்களுக்குள்ளே. பிரசுரகர்த்தர் எவரும் அதனை ஏற்றிலர். 1845-இல் ஷூமன் அதனோடு வேறிரண்டு பகுதிகள் சேர்த்து, ஏ மைனர் கான்செர்ட்டோவாக முடித்தார். அவ்வருஷம் டிசம்பர் 4-ஆம் தேதி டிரெஸ்டன் நகரில் கிளாரா அம்மையாரே அதை அரங்கேற்றினார்.

அக்காலத்துக் கான்செர்ட்டோக்கள் பலவற்றில், வாசிப்பவர் தம் விரல் வேகத்தைக் காட்ட, வாத்தியக் குழு காத்து நிற்கும். இதிலோ இரண்டும் உறவினர்போல் உரையாடும். முதலில் வாத்தியக் குழுவின் ஓர் அதிர்வு. உடனே பியானோ அருவிபோல் இறங்குகிறது. பின்னர் ஓபோ என்னும் துளைக்கருவி ஓர் இன்னிசையைத் தொடங்க, பியானோ அதனை வாங்கிப் பாடுகிறது. அவ்வொரு மெட்டே முதற்பகுதி முழுவதும் பல வேடம் புனைகிறது. நடுவே பியானோவுங் கிளாரினெட்டும் அதனைக் கொண்டு மெல்ல உரையாடுகின்றன. இரண்டாம் பகுதி சிறுசிறு வினாவும் விடையுமாய்ச் சென்று, செல்லோக்களின் நீண்ட பாட்டில் மலர்கிறது. அதன் முடிவில் பழைய மெட்டு நினைவுபோல் எழ, இடையறவின்றி மூன்றாம் பகுதி களிப்புடன் பிறக்கிறது. அங்கே மும்மைத் தாளம் இருமைபோல் ஒலித்துக் கேட்போரை மயக்கும்.

ஷூமனின் இறுதிக்காலம் துயரமானது. மனநோயால் 1854 பெப்ருவரியில் ரைன் நதியிற் குதித்தார். கரையேற்றப்பட்டு, பான் நகரையடுத்த எண்டனிக் சிகிச்சை விடுதியிற் சேர்க்கப்பட்டார். 1856 ஜூலை 29-ஆம் தேதி அங்கே உயிர்நீத்தார். வயது நாற்பத்தாறே. ஏழு மக்களைக் காக்கும் பாரம் ஏற்ற கிளாரா அம்மையார், நாடுதோறும் சென்று கணவரின் இசையை வாசித்தார். லைப்ஸிக்கில் மாணாக்கராயிருந்த நார்வே நாட்டுக் கிரீக், அம்மையார் இக்கான்செர்ட்டோவை வாசிக்கக் கேட்டவர். பின்னர் 1868-இல் அதே சுருதியில் தாமும் ஒரு கான்செர்ட்டோ இயற்றினார். அம்மையார் 1896-இல் மறைந்தார்.

தாம் வாசித்துப் புகழ்பெற இயலாத ஒருவர், பிறர் கைகள் வாசித்து மகிழ வழி செய்தார். தமக்கு மூடிய வாயிலைப் பிறர்க்குத் திறந்துவைத்த இப்பெரியாரின் செயல் நம் உள்ளத்தில் நிலைபெறத் தக்கது.