எண்ணெய் வேண்டாம், எஞ்சின் வேண்டாம்: நாய்களை நம்பிய லியோனார்ட் செப்பாலா

சுங்கை வேயில் வளர்ந்தவர்களுக்கு ஐஸ் என்றால் சன்வே பிரமிட் சறுக்குத் தளம்தான் ஞாபகம் வரும். கொஞ்ச நேரத்திலேயே விரல் மரத்துப் போகும், இல்லையா? இப்போ உறைந்துபோன கடலை யோசிச்சுப் பாருங்க. மைனஸ் 30 டிகிரி குளிரில், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் ஒருவர் அதைக் கடக்கிறார். யார் அவர்?

லியோனார்ட் செப்பாலா 1877இல் நார்வேயின் வடக்கே பிறந்தவர். தங்க வேட்டைக் காலத்தில் அலாஸ்காவின் நோம் நகருக்குப் போனார். துருவப் பயணி அமுண்ட்செனுக்காக வாங்கிய சைபீரிய நாய்க்குட்டிகளைப் பழக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்தப் பயணம் நின்றுபோனதால் நாய்கள் அவரிடமே தங்கிவிட்டன. 1915 முதல் 1917 வரை அலாஸ்காவின் பெரிய பந்தயத்தில் தொடர்ந்து வென்றார்.

இந்த வண்டிக்குக் கடிவாளம் கிடையாது. ஓட்டுநரின் குரலைக் கேட்டு முன்னணி நாய் திரும்பும், மற்றவை பின்தொடரும். எரிபொருள்? காய்ந்த மீன்தான்!

1925 ஜனவரியில் நோம் நகரில் டிப்தீரியா பரவியது. தொண்டையை அடைத்துக் குழந்தைகளைக் கொல்லும் நோய் அது. துறைமுகம் உறைந்திருந்தது. அன்றைய விமானங்கள் அந்தக் குளிரில் பறப்பது ஆபத்து. ரயில் வந்து நின்ற நெனானாவிலிருந்து நோம் வரை சுமார் 1,085 கிலோமீட்டர். 20 ஓட்டுநர்கள், ஏறக்குறைய 150 நாய்கள், கை மாற்றிக் கை மாற்றி மருந்தைக் கொண்டு வந்தார்கள்.

செப்பாலாவின் ஒரே மகளும் அப்போது நோமில்தான் இருந்தாள். கரையைச் சுற்றிப் போனால் பத்திரம், ஆனால் தாமதம். அவர் நார்டன் குடாவின் பனி மேலேயே ஓட்டினார். அது எப்போது வேண்டுமானாலும் உடையலாம். முன்னால் ஓடிய டோகோவுக்கு வயது 12. போக வர சுமார் 420 கிலோமீட்டர். இதில் மருந்தோடு மட்டும் 146. வேறு யாரும் அவ்வளவு தூரம் சுமக்கவில்லை.

பிப்ரவரி 2ஆம் தேதி விடியற்காலையில் மருந்து வந்து சேர்ந்தது. கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். டோகோவை மறந்துவிட்டார்களே என்ற வருத்தம் செப்பாலாவுக்குக் கடைசி வரை இருந்தது. அவர் 1967இல் காலமானார்.

பழைய கதைதானேன்னு விட்டுடாதீங்க. 2016இல் நம் நாட்டிலேயே டிப்தீரியாவால் குழந்தைகள் இறந்தார்கள். உங்க தடுப்பூசிப் புத்தகத்தைத் திறந்து பாருங்க. அந்தப் பெயர் அதில் இருக்கும். அன்று நாய்கள் ஓடிச் சேர்த்த பாதுகாப்பு, இன்று பக்கத்துக் கிளினிக்கிலேயே கிடைக்கிறது.