அழைப்பிதழ் வராத இன்ஜினியர்

புல்லட் ரயில் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வேகம், நீளமான மூக்கு, பின்னால் ஃபுஜி மலை. இதோட ஒரு தகவலையும் சேர்த்துக்கோங்க. 1964-இல் ஓடத் தொடங்கிய ஜப்பானின் ஷின்கான்சென் ரயில்களில், தடம் புரண்டோ மோதியோ இன்றுவரை ஒரு பயணிகூட இறந்ததில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் இந்தக் கணக்கு மாறவில்லை. அதுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல் ஆள் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர். பெயர் ஹிதியோ ஷிமா.

1901-இல் ஒசாகாவில் பிறந்தார். அப்பா யசுஜிரோ ஷிமாவும் ரயில்வே இன்ஜினியர்தான். ஜப்பானில் தண்டவாள அகலம் அப்போ 1067 மி.மீ. நம்ம ஊர் பழைய மீட்டர் கேஜை விடக் கொஞ்சம்தான் அதிகம். இதில் வேகம் எடுக்க முடியாது, 1435 மி.மீ.க்கு மாறணும் என்று அப்பா பல வருஷம் வாதாடினார். நடக்கவில்லை. பிறகு தொடங்கிய அதிவேகப் பாதைத் திட்டத்தையும் இரண்டாம் உலகப் போர் நிறுத்திவிட்டது. 1946-இல் அப்பா காலமானார்.

மகன் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் முடித்து, 1925-இல் ரயில்வேயில் சேர்ந்தார். நீராவி இன்ஜின் வடிவமைப்பில் பெயர் வாங்கினார். ஆனா அவர் மனசு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. எல்லாப் பெட்டிகளையும் ஒரே கனமான இன்ஜின் ஏன் இழுக்கணும்? பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டாரைப் பிரித்து வைத்தால் என்ன? அப்படிச் செய்தால் தண்டவாளத்தின் மேல் ஒரே இடத்தில் பாரம் விழாது. பல அச்சுகள் சேர்ந்து தள்ளுவதால் சீக்கிரம் வேகம் பிடிக்கும், அந்த மோட்டார்களை வைத்தே பிரேக்கும் போடலாம். ஒரு மோட்டார் மக்கர் பண்ணினாலும் ரயில் நடுவழியில் நிற்காது. கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற வேலையும் மிச்சம். சென்னை புறநகர் மின்சார ரயிலில் போயிருப்பீங்களே, கிட்டத்தட்ட அதே யோசனைதான். அதை நீண்ட தூரத்துக்கும் கொண்டுபோகலாம் என்று ஷிமா நம்பினார். 1950-இல் அப்படி ஒரு ரயிலை ஓடவும் வைத்தார்.

அடுத்த வருஷம் அவர் வாழ்க்கையே புரண்டது. 1951 ஏப்ரல் 24. யோகோஹாமாவின் சகுராகிச்சோ ஸ்டேஷன் அருகே அறுந்து தொங்கிய மேல்கம்பியில் ஒரு ரயில் சிக்கித் தீப்பிடித்தது. போர்க்காலச் சிக்கனத்தில் செய்த பெட்டிகள் அவை. ஜன்னலின் நடுக்கண்ணாடி திறக்காது, திறக்கும் இடைவெளியில் ஆள் நுழைய முடியாது. கதவைக் கையால் திறக்க ஒரு திருகு இருந்தது. ஆனா அது எங்கே இருக்கு என்று பயணிகளுக்குத் தெரியாது. 106 பேர் இறந்தார்கள். ரயில் பெட்டிகளுக்குப் பொறுப்பான துறையின் தலைவராக இருந்த ஷிமா, வேலையை விட்டு விலகி ஒரு தனியார் உலோக நிறுவனத்தில் சேர்ந்தார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். 1955-இல், 71 வயதில் ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவராக வந்த ஷின்ஜி சோகோ விடவில்லை. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே 1435 மி.மீ. அகலத்தில் புதுப் பாதை போடணும், அதுக்கு ஷிமாதான் வேணும் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டார். ஷிமா தலைமைப் பொறியாளராகத் திரும்பி வந்தார்.

இப்போ அவர் வேலை செய்த விதத்தைக் கவனியுங்க. ஆபத்து வந்தால் எப்படித் தப்பிப்பது என்பதற்கு முன்னால், ஆபத்தையே எப்படி எடுத்துவிடுவது என்று யோசித்தார்கள். லெவல் கிராசிங்கில் விபத்து நடக்குமா? ஒரு லெவல் கிராசிங்கூட வேண்டாம். மெதுவான ரயில் குறுக்கே வருமா? அதிவேக ரயிலுக்கென்றே தனிப் பாதை. திடீர் வளைவு ஆபத்தா? சாதாரணமாக வளைவின் ஆரம் 2,500 மீட்டருக்குக் குறையக் கூடாது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பாதையோர சிக்னலை டிரைவர் கண்ணால் பார்த்துப் பிடிப்பது கஷ்டமா? சிக்னல் அவர் அறைக்குள்ளேயே தெரியட்டும், வேகம் மீறினால் பிரேக் தானாக விழட்டும். வேகத்தில் சக்கரம் இடவலமாக ஆடும் பிரச்சினையை, போரில் விமான அதிர்வுகளை ஆராய்ந்த ததாஷி மட்சுதைரா கையில் எடுத்தார்.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. சோதித்து நிரூபித்த தொழில்நுட்பத்தை மட்டும்தான் சேர்க்கணும். பயணியை வைத்துப் பரிசோதனை கிடையாது. 1961-இல் உலக வங்கி 8 கோடி டாலர் கடன் கொடுக்க இந்த அணுகுமுறையும் உதவியது.

1963 மார்ச்சில் சோதனை ரயில் மணிக்கு 256 கி.மீ. தொட்டது. ஆனா செலவு முதலில் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகி, சுமார் 38,000 கோடி யென் ஆகிவிட்டது. அந்த மே மாதம் சோகோ பதவி இழந்தார். ஷிமாவும் கூடவே வெளியேறினார்.

1964 அக்டோபர் 1 காலை, டோக்கியோ ஸ்டேஷனில் முதல் ரயிலை வழியனுப்பும் விழா. இரண்டு பேருக்கும் அழைப்பு இல்லை. தான் உருவாக்கிய ரயில் கிளம்புவதை ஷிமா வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார். 515 கி.மீ. தூரத்துக்கு முன்பு ஆறரை மணி நேரம். அன்று நான்கு மணி நேரம். அடுத்த வருஷம் 3 மணி 10 நிமிஷம். காலையில் கிளம்பி ஒசாகாவில் வேலையை முடித்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு நிதானமாக வீடு திரும்பலாம் என்றானது.

1969-இல் ஜப்பானின் தேசிய விண்வெளி வளர்ச்சி நிறுவனத்துக்கு முதல் தலைவரானார். அங்கேயும் நிரூபிக்கப்பட்ட ராக்கெட் தொழில்நுட்பத்திலிருந்தே தொடங்க வைத்தார். 1994-இல் நாட்டின் உயரிய கலாச்சார விருது கிடைத்தது. 1998-இல், 96 வயதில் மறைந்தார். நம்மில் பலர் அப்போ பிறக்கவே இல்லை.

நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் உருவான வந்தே பாரத்திலும் தனி இன்ஜின் கிடையாது, மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியில்தான். ஷிமா நம்பிய அதே வழி. அடுத்த முறை எந்த ரயிலில் ஏறினாலும், வேகம் எவ்வளவு என்று மொபைலில் பார்ப்பதற்கு முன்னால் அவசர வழி எங்கே இருக்கு என்று ஒரு தடவை பாருங்க. அங்கே தெளிவாக எழுதி வைத்திருந்தால், அது 106 பேர் இல்லாமல் போன பிறகு உலகம் கற்றுக்கொண்ட பாடம். நாளைக்கு நீங்க எதை டிசைன் செய்தாலும், அதை எழுதி வைக்க வேண்டிய ஆள் நீங்கதான்.