ஊருக்கெல்லாம் காதல் அட்டை செய்தவர்!

பிப்ரவரி மாதம் 14-ந் தேதி வந்தால், அமெரிக்காவில் காதலர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்து அட்டை அனுப்புவது வழக்கம். அந்த அட்டை செய்வதை அங்கே பெரிய தொழிலாக ஆக்கிக் காட்டியவர் ஒரு பெண். பெயர், எஸ்தர் ஹவ்லண்ட். ஊருக்கெல்லாம் காதல் அட்டை செய்து கொடுத்த அந்த அம்மையார், கடைசி வரை கல்யாணமே செய்து கொள்ளவில்லை!

கடைக்காரர் மகள்

எஸ்தர், 1828-ம் ஆண்டு மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை சவுத்வொர்த் ஹவ்லண்ட், அங்கே புத்தகக் கடை வைத்து இருந்தார். காகிதம், பேனா, மை எல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும்.

பெண்கள் மேல்படிப்புப் படிப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. ஆனாலும் எஸ்தர் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் படித்து, 1847-ல் தேறினார். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை.

அந்தச் சமயத்தில், தந்தையின் வியாபார நண்பர் ஒருவரிடம் இருந்து எஸ்தருக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. இங்கிலாந்தில் செய்தது. லேஸ் துணியைப் போல நுணுக்கமாக வெட்டிய காகிதமும், வண்ணப் பூக்களும் அதை அலங்கரித்தன. நல்ல அட்டை வேண்டும் என்றால், அன்று இங்கிலாந்தில் இருந்துதான் வரவேண்டும். விலையும் அதிகம்.

இதை நாமே செய்தால் என்ன என்று எஸ்தருக்குத் தோன்றியது. லேஸ் காகிதம், வண்ணக் காகிதம், பூப்படங்கள் ஆகியவற்றைத் தந்தை வரவழைத்துக் கொடுத்தார். எஸ்தர் மாதிரிக்கு 12 அட்டைகள் செய்தார்.

எதிர்பார்த்தது 200, வந்தது 5 ஆயிரம்!

எஸ்தரின் சகோதரர், கடைக்கு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகச் செல்பவர். அவர் இந்த மாதிரிகளையும் கொண்டு போனார். 200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் போதும் என்று எஸ்தர் எண்ணி இருந்தார். அவர் கொண்டு வந்ததோ, 5 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்!

ஒருவர் செய்து முடிக்கக்கூடிய வேலையா அது? எஸ்தர் தன் தோழிகளைக் கூப்பிட்டார். வீட்டு மாடியே தொழிற்சாலை ஆயிற்று. ஒருத்தி பூப்படங்களை வெட்டுவாள். அடுத்தவள் அடிக் காகிதம் ஒட்டுவாள். இன்னொருத்தி அதன் மேல் பூவை ஒட்டுவாள். இப்படிக் கை மாறி வந்து அட்டை முடியும். அமெரிக்க மோட்டார் கார் தொழிற்சாலைகளில் இந்த முறை வருவதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் இளம்பெண் அதைக் கையாண்டு விட்டார்!

வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்கு, வேண்டிய சாமான்களை மாதிரியோடு பெட்டியில் போட்டு அனுப்பினார். ஒரு வாரம் கழித்து வண்டி போய் வாங்கி வரும். அந்த வேலையை எஸ்தரே பரிசோதிப்பார்.

சிவப்பு முத்திரை

வெள்ளை லேஸ் காகிதத்தின் அடியில் பளபளக்கும் வண்ணக் காகிதத்தை வைத்து, லேஸ் வேலைப்பாட்டை எடுத்துக் காட்டினார். மடித்த காகிதத் துண்டுகளைக் கொடுத்து, லேஸ் மேலே எழும்பி நிற்கும்படி செய்தார். 1879-ல் 131 வாழ்த்துப் பாட்டுகள் அடங்கிய சிறு புத்தகமும் வெளியிட்டார். அட்டையில் உள்ள பாட்டு பிடிக்காதவர்கள், அந்தப் புத்தகத்தில் வேறு பாட்டைத் தேர்ந்து எடுத்து மேலே ஒட்டிக் கொள்ளலாம்!

அட்டையின் பின்புறம் சிவப்பு நிறத்தில், தன் குடும்பப் பெயரின் முதல் எழுத்தான "எச்" என்பதைச் சின்னஞ்சிறியதாகப் பதித்தார். வியாபாரம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை எட்டியது.

இடையில் முழங்காலில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர நேர்ந்தது. அப்போதும் தொழிலை விடவில்லை.

தந்தைக்காக

நாற்காலியில் இருந்தபடி நடத்திய அந்தத் தொழிலை, தந்தைக்காக விட்டார். 1880-ஐ ஒட்டி அவர் நோயில் விழுந்தார். எஸ்தர், கம்பெனியை அதே ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் விட்னி என்ற அட்டை வியாபாரிக்கு விற்று விட்டு, தந்தையின் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். முதல் அட்டைக்குக் காகிதம் வாங்கித் தந்தவர் அல்லவா, அவர்!

1904-ம் ஆண்டு எஸ்தர் காலமானார். பிறகு எந்திரத்தில் அச்சான அட்டைகள் பெருகின. ஆனால் அவர் செய்த பழைய அட்டைகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். கையில் எடுத்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது முன்பக்கத்து அலங்காரத்தை அல்ல. பின்பக்கம் திருப்பி, அந்தச் சிறு சிவப்பு எழுத்தைத்தான் தேடுகிறார்கள்!